மூன்று ஊர்ச் சாமியும் செல்வியின் இருபதுக்கு முப்பதும்

நிலம் அளக்கிறவன் வேலை என்னவென்று கேட்டால் சொல்கிறேன்: ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை, யாருமே சொல்லாததால், வெயிலில் நின்று கண்டுபிடிப்பது.

பெங்களூரைச் சுற்றி ஒரு மனை வாங்கி, அதற்கப்புறமும் நிம்மதியாக இருக்கிற ஒரே ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள். நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் கருவியின் இந்தப் பக்கம் நின்று பட்டவன், அவ்வளவுதான் வித்தியாசம். லைசென்ஸ் வாங்கிய தனியார் சர்வேயர். ஆபீஸ் விவேக் நகரில், கோயிலுக்குப் பின் சந்தில். வேலையெல்லாம் சந்தாபுராவைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமங்களில். அங்கே ஒரு ஊரில் கன்னடம், அடுத்த ஊரில் தெலுங்கு, ஓடையைத் தாண்டினால் தமிழ், மூன்று ஊருக்கும் கல் வேலை செய்கிறவர்கள் உருது பேசும் பாய்கள். நாலு பாஷையிலும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். நாலும் எனக்குப் புரியும் என்பதுதான் கொடுமை.

செல்வி என்கிற ஒரு பெண்ணின் ஒரே ஒரு மனையை அளக்கப் போய் நான் பட்ட பாட்டை மட்டும் இங்கே எழுதுகிறேன். மற்றதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் பி.பி. ஏறிவிடும்.

மெழுகுவத்தி இல்லாமல் வந்தவர்

வியாழக்கிழமை எங்கள் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. குழந்தை இயேசுவைப் பார்க்க வருகிற கூட்டம் முழுக்க என் ஆபீஸ் படியில்தான் செருப்பை விடும். அந்த அம்மாவும் செருப்பு விடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "இங்க விடாதீங்கம்மா" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். அவர் கையில் மெழுகுவத்தி இல்லை. நோட்டீஸ் இருந்தது.

செல்வி ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறார். கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைக்கிறார். பதினாறு வருஷம் காலர் தைத்து, சந்தாபுராவுக்கு உள்ளே தள்ளி ஒரு லேஅவுட்டில் இருபதுக்கு முப்பது மனை வாங்கி, அஸ்திவாரமும் போட்டுவிட்டார். இப்போது பஞ்சாயத்திலிருந்து கடிதம்: உங்கள் அஸ்திவாரம் மழைநீர்க் கால்வாய்க்குள் இருக்கிறது, இல்லையென்றால் முப்பது நாளுக்குள் சர்வே வரைபடத்தோடு காட்டுங்கள், காட்டாவிட்டால் இடிப்போம். நான் பார்த்தபோது அதில் நாலு நாள் போயிருந்தது.

வாங்குவதற்கு முன்னால் அளந்து பார்க்கவில்லையா என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி, யாருக்கும் உதவாத கேள்வி. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஈஜிபுரால பதினோரு வீடு மாறிட்டேன் சார். ஒவ்வொரு வாட்டியும் நல்லா பாத்துட்டுதான் குடி போனேன். இன்னா பிரயோஜனம்?"

ஆடியா, ஆஷாடமா

அளப்பதென்றால் நானும் கோல் பிடிக்கிற புட்டசாமியும் மட்டும் போய் நின்றால் ஆகாது. சுற்றியுள்ள நிலத்துக்காரர்கள் வந்து நின்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த லேஅவுட் மூன்று ஊர் சந்திக்கிற மூலையில் இருக்கிறது. இரண்டு கர்நாடகா, ஒன்று தமிழ்நாடு. ஆக மூன்று ஊரிலிருந்தும் ஆள் வேண்டும்.

கன்னட ஊர்க்காரருக்குப் போன் போட்டேன். "ஆஷாடம் சார், நிலத்துல கோல் நடக்கூடாது" என்றார். தெலுங்கு ஊர் ரெட்டியும் அதையே சொன்னார். சரி, ஆஷாடம் என்றைக்கு முடிகிறது? அமாவாசைக்கு. அமாவாசைக்கு அடுத்த நாள் வருகிறீர்களா என்று தமிழ் ஊர் குப்புசாமியைக் கேட்டால், "அப்ப ஆடி பாதிகூட ஆயிருக்காதே! ஆடியில எவனாவது நிலத்தை அளப்பானா?" என்கிறார். நீங்களே சொல்லுங்கள், இந்த இரண்டு மாசமும் ஒன்றாக வந்து ஒன்றாகத் தொலைந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒருத்தருக்கு முடிகிறபோது இன்னொருத்தருக்குப் பாதி கிணறு. நடுவில் ஒன்றரை மாசம் இந்த எல்லையோரத்தில் ஒரு கோலையும் நட முடியாது. நோட்டீஸுக்கோ இருபத்தைந்து நாள்கூட இல்லை.

ஆடி முடிகிற வரைக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று செல்வியிடம் கையை விரித்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய், நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வீட்டு வாசலிலும் நின்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் வந்துவிட்டார்கள். என்ன சொல்லி அழைத்து வந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் கேட்டேன். நோட்டீஸ் குடுத்தவங்க ஆஷாடம் பாத்தா குடுத்தாங்க?"

குன்று போன இடம்

என்னிடம் செயற்கைக்கோளோடு பேசுகிற கருவி இருக்கிறது. உலகத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று விரற்கடை சுத்தமாகச் சொல்லும். ஆனால் பழைய கிராம வரைபடம் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அதற்கு, வரைபடத்திலும் இருந்து தரையிலும் இருக்கிற பழைய அடையாளம் இரண்டு மூன்று வேண்டும். எங்கள் வரைபடத்தில் மூன்று இருந்தன: வடக்கே ஒரு குன்று, கிழக்கே ஏரி மதகு, மூன்று ஊரும் சந்திக்கிற இடத்தில் ஒரு எல்லைக்கல்.

முதலில் குன்றுக்குப் போனோம். வரைபடத்தில் குன்று. நேரில் குழி. சும்மா குழி இல்லை, பத்து ஆள் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர் நிற்கிற கல்குவாரி. நான் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தேன், தலைகீழாகப் பார்த்தேன். புட்டசாமி குழியின் ஓரத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டான். பக்கத்து கிரஷரில் வாட்ச்மேன் ஒருத்தர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இங்கே ஒரு குன்று இருக்க வேண்டுமே ஐயா என்று கேட்டேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"குன்று எங்கயும் போகல சார். நீங்க வந்தீங்களே ரோடு, அதுக்கு அடியிலதான் இருக்கு."

எலுமிச்சம்பழம் குத்திய கோல்

மிச்சம் இருந்தது மதகும் எல்லைக்கல்லும். கல்லைத் தேடுவதில் கஷ்டமே இல்லை, ஊருக்கே தெரிகிறது. ஒரு பெரிய வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெள்ளியில் கண் மலர் ஒட்டி, சிவப்புப் பாவாடை கட்டி நிற்கிறது. சர்வேக்கல் சாமியாகிவிட்டது!

அதன் நடு உச்சியில் கோலை நிறுத்த வேண்டும். புட்டசாமி என்னோடு இருபது வருஷமாகப் பாம்புப் புதரிலெல்லாம் இறங்கினவன். இங்கே கோலைக் கீழே போட்டுவிட்டு, "தேவரு சார்! சாமி தலை மேல கோலா? நம்ம கையில ஆகல்ல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் சிலுவை போட்டுக்கொண்டு வளர்ந்தவன், நானே நிறுத்துகிறேன் என்று போனால் மூன்று ஊரும் ஒன்றாகக் கத்தியது. அன்றைக்கு அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அடுத்த நிமிஷமே சண்டை. தமிழ் ஊருக்கு அது முனியப்பன். கன்னட ஊருக்கு மாரம்மா. தெலுங்கு ஊருக்கு கங்கம்மா. நாராயணம்மா என்று ஒரு தெலுங்கு அம்மாதான் தினமும் விளக்கு வைக்கிறவர். அவர் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கோலின் நுனியில் குத்தி, "இப்ப வை" என்று வழி செய்துகொடுத்தார்.

அளப்பதற்கு முன்னால் வழக்கமாகக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். இந்தக் கல்லை யாராவது எப்போதாவது நகர்த்தினீர்களா? கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. மூன்று ஊரும் கற்பூரத்தை அணைத்து, இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தது. எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது வாய் சும்மா இருக்காமல் நாராயணம்மாவைக் கேட்டுத் தொலைத்தேன்: உண்மையில் இது ஆம்பளை சாமியா, பொம்பளை சாமியா?

"கோழி வாங்கிக்கும்போது அது எந்த ஊர்க் கோழின்னு கேக்கல. நீ எதுக்கு அதை இவ்ளோ கேள்வி கேக்குற?"

காணாமல் போன ஒன்றரை

இடையில் குப்புசாமியின் கதையைச் சொல்லாமல் விட்டால் அவருக்குக் கோபம் வரும். செல்வியின் லேஅவுட்டை ஒட்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் அவருக்கு நிலம். தமிழ்நாட்டில் சென்ட் கணக்கு. கர்நாடகாவில் குண்டே கணக்கு. ஒரு குண்டே என்பது இரண்டரை சென்ட். இதை ஒரு காகிதத்தில் எழுதி, படம் போட்டு, வேப்பங்குச்சியால் மண்ணில் கோடு கிழித்து, முக்கால் மணி நேரம் அவருக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தலையையும் ஆட்டினார். கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியதும் பின்னால் போய்விட்டார்.

"எங்க பக்கம் ரெண்டரைன்னு இருக்கறதை உங்க பக்கம் ஒண்ணுன்னு எழுதறீங்க. மீதி ஒன்றரையை எந்த கவர்மென்ட் வெச்சிருக்கு, அதைச் சொல்லு முதல்ல."

அரை இன்ச்

இரண்டு வாரம் உட்கார்ந்து வரைபடத்தைப் போட்டேன். கல்லிலிருந்து அளந்து வந்தால், கால்வாயும் அதற்கு விட வேண்டிய ஓரமும் சேர்ந்து செல்வியின் அஸ்திவாரத்துக்குள் பன்னிரண்டு அடி வந்துவிட்டது. தரையில் கால்வாய் என்று ஒன்று கிடையாது. லேஅவுட் போட்டவன் எப்போதோ மூடிவிட்டான். காகிதத்தில் மட்டும்தான் ஓடுகிறது. ஆனால் காகிதம்தான் ஜெயிக்கும். பஞ்சாயத்து ஆளிடம் கேட்டேன், அவரும் அதே சாமிக்கல்லிலிருந்துதான் அளந்ததாகச் சொன்னார். விடையும் அதேதான்.

செல்வி பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இந்த வேலையில் நான் வெறுக்கிற நேரம் இதுதான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இடிப்பார்கள் என்றேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி, தையல்காரர்கள் துணியைப் பார்க்கிற மாதிரி விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். கல்லுக்கும் மதகுக்கும் நடுவில் நான் பென்சிலில் கிறுக்கி வைத்திருந்த எண்ணில் விரல் நின்றது. இது என்ன சார் என்றார்.

அது ஒன்றுமில்லை, கல்லுக்கும் மதகுக்கும் பழைய வரைபடத்தில் இருக்கிற தூரத்தைவிட நேரில் பதினெட்டு அடி குறைகிறது, நூறு வருஷத்துக் காகிதம், தாள் சுருங்கியிருக்கும், அந்தக் காலத்துச் சங்கிலி இழுத்திருக்கும், சகஜம்தான் என்றேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானத்தை அவருக்கும் சொன்னேன்.

"பதினெட்டு அடி சகஜமா? காலர்ல அரை இன்ச் தப்பினா மொத்த லாட்டையும் மூஞ்சில வீசுவான் சார் எங்க சூப்பர்வைசர்."

கேட்காத கேள்வி

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அந்த அம்மா சொன்னது சரி, நான் சொன்னது சோம்பேறித்தனம். விடிந்ததும் புட்டசாமியை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். நோட்டீஸுக்கு இன்னும் ஆறு நாள்.

மதகு அசையவில்லை. அடியில் பழைய கருங்கல் கட்டு அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் கல்தான். ஆனால் கல்லை நகர்த்தவே இல்லை என்று மூன்று ஊரும் கற்பூரத்தை அணைத்திருக்கிறதே? மறுபடியும் ஒவ்வொருத்தராகக் கேட்டேன். மறுபடியும் சத்தியம். ரெட்டி தன் பேரப்பிள்ளை மேலேயே சத்தியம் செய்தார். எனக்குத் தலை சுற்றியது. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். நாராயணம்மா விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல நிழல் அம்மா என்று சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

"சாமி வந்தப்ப இது இடுப்பு உயரம்தான் இருந்துது. சாமி வந்த அப்புறம்தான் இப்படி வளர்ந்துச்சு" என்றார் பெருமையாக.

துள்ளி எழுந்தேன். வந்தப்பவா? எங்கிருந்து வந்தது? அவர் ரொம்ப சாவகாசமாகச் சொன்னார். தார் ரோடு போட்டபோது டிராக்டரெல்லாம் சாமியை உரசிக்கொண்டு போனதாம். மூன்று ஊரும் கூடி, பூ வைத்து உத்தரவு கேட்டு, மூன்று நாள் பொங்கல் வைத்து, ஆடு வெட்டி, மேளத்தோடு சாமியை ரோட்டோர மேட்டிலிருந்து இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார்களாம். மூன்று ஊரிலும் ஒருத்தர் விடாமல் அன்றைக்கு வந்திருக்கிறார்கள். ரெட்டிதான் தேங்காய் உடைத்தாராம்! எனக்கு வந்த கோபத்தில் மூன்று பாஷையும் கலந்து கத்தினேன். எத்தனை தடவை கேட்டேன், நகர்த்தினீர்களா நகர்த்தினீர்களா என்று? ஒரு பெண்ணின் வீடு போகப் போகிறதே அம்மா! நாராயணம்மாவுக்கு என் கோபமே புரியவில்லை. புண்பட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"கல்லை நகத்தினீங்களான்னுதானே கேட்ட? கல்லை யாரு நகத்தினா? சாமியைத்தான் அழைச்சுட்டு வந்தோம்."

மூன்றாவது குழி

பழைய இடம் எது என்று கண்டுபிடித்தால் போதும். நூறு வருஷத்துக்கு முன்னால் அளந்தவர்கள் எங்களை மாதிரி இல்லை. எல்லைக்கல் நடுகிற குழியில் அடுப்புக்கரியைக் கொட்டி அதன் மேல் நடுவார்கள். கல்லைப் பிடுங்கினாலும் கரி மக்காமல் கிடக்கும். அதைத் தோண்டிக் காட்டினால் எந்த ஆபீசரும் வாயைத் திறக்க முடியாது.

பஞ்சாயத்து ஆளையும் வரவழைத்தோம். கன்னட ஊர்க்காரர் இங்கேதான் என்றார். தோண்டினோம், செம்மண். ரெட்டி, அவருக்கென்ன தெரியும், இங்கேதான் என்றார். தோண்டினோம், ஒரு பழைய செருப்பு கிடைத்தது. குப்புசாமி மூன்றாவதாக ஒரு இடத்தைக் காட்டி, அது தன் பக்கம் தள்ளி இருக்க வேண்டும் என்று ஆரம்பித்ததும் நான் மண்வெட்டியைக் கீழே போட்டேன். செல்வி ஓரமாக நின்று, யார் வாயைத் திறந்தாலும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேர்த்து ஊற்றியது. அப்போதுதான் அவர் கேட்டார்: "அன்னிக்கு சாமியைக் கையில தூக்கினது யாரு?"

யாருக்கும் அது தோன்றவில்லை. மூன்று ஊரும் பூஜை போட்டது, மேளம் அடித்தது. கடப்பாரை போட்டு நெம்பித் தூக்கினது பாஷா, கல் வேலை செய்கிறவர். போன் போட்டதும் டிவிஎஸ்ஸில் வந்தார். ரோடு ஓரம் ஒரு பாறைப் பிளவுக்கு முதுகைக் கொடுத்து நின்று, நாலடி எடுத்து வைத்து, காலால் ஒரு வட்டம் போட்டார். "முதுகு அந்தப் பாறையில முட்டிக்கிட்டுதான் தூக்கினேன், இன்னும் வலிக்குது" என்றார். முழங்கை ஆழத்தில் மண் கறுத்தது. புட்டசாமி கையை விட்டு எடுத்தான். கரி. நல்ல கெட்டியான, கையில் ஒட்டுகிற அடுப்புக்கரி.

அங்கிருந்து மதகுக்கு அளந்தேன். பழைய வரைபடத்தில் உள்ள தூரம், அரை சாண்கூட வித்தியாசமில்லை. செல்வியின் அஸ்திவாரம் கால்வாய்க்கும் ஓரத்துக்கும் ஆறு அடி வெளியே நின்றது. செல்வி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முதல் தடவையாக, ஓவென்று அழுதார். மூன்று ஊரும் பாஷாவைச் சூழ்ந்துகொண்டு, இதை ஏனய்யா முன்னாலேயே சொல்லவில்லை என்று அவரைத் திட்ட ஆரம்பித்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னை யாரு கேட்டாங்க? சாமி உங்களுது. தூக்குன தோள் மட்டும்தான் நம்மளுது."

புதுக்கல்

நோட்டீஸை வாபஸ் வாங்கினார்கள். கரி கிடைத்த இடத்தில் முறைப்படி புது எல்லைக்கல் நட்டோம். ரோடு ஓரமாக இருக்கிறது, தயவுசெய்து இதைத் தொடாதீர்கள் என்று மூன்று பாஷையில் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். எல்லோரும் சத்தியம் செய்தார்கள். இவர்கள் சத்தியத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

தை மாசம் செல்வி வீட்டுக்குப் பால் காய்ச்சக் கூப்பிட்டிருந்தார். ஓட்டுக் கூரை இல்லை, நல்ல காங்கிரீட். ஜன்னலில் பச்சை பெயின்ட் இன்னும் காயவில்லை. போகிற வழியில் புதுக்கல்லைப் பார்த்ததும் பைக்கை நிறுத்திவிட்டேன். மஞ்சள். குங்குமம். சாமந்திப்பூ மாலை. பக்கத்தில் பாதி எரிந்த ஊதுபத்தி. அட ஆண்டவரே, மறுபடியும் முதலிலிருந்தா! எந்த ஊர்க்காரன் வேலை இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு செல்வி வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் பால் டம்ளரை நீட்டிக்கொண்டே, நான்தான் சார் என்றார். பதினெட்டு அடிக்கு நீங்க பட்டது போதாதா, இன்னொரு சாமியை உண்டாக்கி வைத்திருக்கிறீர்களே, நாளைக்கு இதையும் மேளத்தோடு தூக்கிக்கொண்டு போவார்களே என்று பால் ஆறும் வரைக்கும் கத்தினேன். அவர் என்னைக் கத்த விட்டு, சிரித்தார்.

"சும்மா கல்லுன்னா லாரிக்காரன் இடிச்சிட்டுப் போவான், சாமின்னா ஒதுங்கிப் போவான். தூக்கிட்டுப் போவாங்கன்னு எனக்குத் தெரியாதா? பாஷா பாயை வெச்சு அடியில ரெண்டு மூட்டை சிமென்ட் போட்டுட்டேன் சார். இனிமே அந்த சாமியும் வீடு மாறாது, நானும் மாற மாட்டேன்."

பத்திரத்தில் 'அசையாச் சொத்து' என்று முதன்முதலில் எழுதிய புண்ணியவான் யாராக இருந்தாலும், அவர் எங்கள் எல்லையோரத்தில் ஒரு ஆடி மாசம்கூட வேலை பார்த்திருக்க மாட்டார்.